நத்தை போட்ட பக்கம்

காரின் முன் இருக்கை செல்லோவுக்கு. அதற்கு பெல்ட் மாட்டி, உறையின் கழுத்து இடிபடாமல் ஒரு சின்னத் தலையணையும் கொடுத்தாகிவிட்டால், பின்னால் மனைவியும் மகளும் எப்படி வேண்டுமானாலும் உட்கார்ந்துகொள்ளலாம். கல்யாணமான பன்னிரண்டு வருடமாக இதுதான் நடைமுறை. வயலினுக்கு அண்ணன் மாதிரி, கிட்டத்தட்ட ஆள் உயரத்துக்கு இருக்கும் அந்த வாத்தியத்தை மனைவி 'மூத்தாள்' என்றுதான் சொல்லுவாள். மூத்தாளுக்குத் தனி அறை. மரம் வெடித்துவிடக் கூடாதே என்று அறைச் சுவரில் ஈரப்பதம் காட்டும் கருவி. புருஷன் எந்த ஊரில் கச்சேரியில் இருந்தாலும் சாயங்காலம் போன் வரும். "ரூம்ல ஈரம் எவ்வளவு காட்டுது?" மகளுக்கு நூற்றி மூன்று டிகிரி காய்ச்சல் அடித்த வாரத்திலும் அவர் தவறாமல் கேட்டுத் தெரிந்துகொண்டது அந்த ஒரு எண்ணைத்தான்.

அவளுக்குப் பரிசோதனைக் கூடத்தில் ரத்தம் எடுக்கிற வேலை. காலை ஏழு மணிக்கு வெள்ளைக் கோட்டை மாட்டினால் பதினோரு மணிக்குள் அறுபது கைகளையாவது பார்த்துவிடுவாள். காலை டிபனை ஒரு பிடி பிடித்துவிட்டு வந்து "வெறும் வயிறுதாங்க" என்று சாதிக்கிறவர்களை அவளுக்கு உட்காரும்போதே தெரியும். இத்தனை சாமர்த்தியம் உள்ளவள் வீட்டில் ஒரே ஒரு ஆள் சொல்லும் சாக்குகளை மட்டும் நம்புகிற மாதிரி நடித்துக்கொண்டிருந்தாள். நடித்ததோடு நிற்காமல், அவற்றைத் துடைத்து மடித்து மகளிடம் கொண்டுபோய்க் கொடுப்பதும் அவள்தான். "அப்பாவோட வேலை அப்படிடா." இதைச் சொல்லிச் சொல்லி அவளுக்கே வாய் புளித்துவிட்டது.

செல்லோக்காரரின் தொழிலில் பதிலாள் என்று ஒரு ஏற்பாடு உண்டு. ஒரே நாளில் இரண்டு இடத்தில் கூப்பிட்டால் இரண்டுக்கும் சரி என்று சொல்லிவிடுவது. எது பெரிய இடமோ அங்கே தான் போவது. மற்றதற்கு இன்னொருவரை அனுப்புவது. அனுப்பும்போது இசை நோட்ஸ் தாளில் பென்சிலால் குறிப்பு எழுதிக் கொடுப்பார்கள். இங்கே வேகம் குறையும், இங்கே பக்கத்தை முன்கூட்டியே திருப்பு, இந்த இடத்தில் எல்லாரும் நிறுத்துவார்கள், நீ மட்டும் வாசித்துத் தொலைக்காதே. இதில் யாரும் வாய்விட்டுச் சொல்லாத ஒரு சூட்சுமம் இருக்கிறது. பதிலாள் தன்னைவிட ஒரு மாற்றுக் குறைவாக வாசிக்கிறவராக இருக்க வேண்டும். அசத்திவிட்டால் அடுத்த தடவை நேராக அவரையே கூப்பிட்டுவிடுவார்களே! இந்த வித்தையில் நம்மவர் கரைகண்டவர். அதிலும் ஒத்திகைக்கெல்லாம் பதிலாள், கச்சேரிக்கு மட்டும் தான் என்பது அவருடைய தனிச்சிறப்பு. ஒத்திகையில் யாரும் கை தட்டுவதில்லை, பாருங்கள்.

தொழிலில் பழகின கை வீட்டில் மட்டும் சும்மா இருக்குமா? மகளின் பள்ளியில் பெற்றோர் கூட்டமா, தம்பி போவான். மாமனாருக்குக் கண் ஆபரேஷனா, சகலை போவார். பல் டாக்டரிடம் மகளைக் கூட்டிப்போகும் பொறுப்பு ஒருமுறை டிரம்ஸ் வாசிக்கும் சிநேகிதர் தலையில் விழுந்தது. எந்தப் பல் என்று அந்த மனிதருக்குக் கடைசிவரை தெரியாது. நல்லவேளை, டாக்டர் கண்டுபிடித்துவிட்டார். இவர்களுக்கும் குறிப்பு உண்டு. கொழுந்தனின் சட்டைப்பையில் அவளே ஒரு நாள் அந்தக் காகிதத்தைப் பார்த்தாள். 'கணக்கு டீச்சர் நீளமாகப் பேசுவார். தலையாட்டினால் போதும். கடைசியில் நன்றி. மொத்தம் ஏழு நிமிடம்.' கோபத்தைவிட அவளுக்கு அவமானம்தான் அதிகமாக இருந்தது. ஒரு கூட்டத்துக்கும் போகாத ஆளுக்கு ஏழு நிமிடம் என்று எப்படித் தெரியும்? எப்போதோ அவள் வந்து சொன்னதைத்தான் துரை எழுதிக் கொடுத்திருக்கிறார்.

இப்பேர்ப்பட்ட மனிதரை ரேடியோக்காரர்கள் கூப்பிட்டு, 'குடும்பமும் கலையும்' என்று பேட்டி எடுத்தார்கள்.

பரிசோதனைக் கூடத்தில் வரவேற்பு மேஜைமேல் ஒரு ரேடியோ எப்போதும் முணுமுணுத்துக்கொண்டிருக்கும். அன்றைக்கு ஒரு பெரியவரின் கையில் பட்டையைக் கட்டி நரம்பைத் தேடிக்கொண்டிருந்தபோது, தெரிந்த குரல் ஒன்று குழைந்து குழைந்து வந்தது. "குடும்பம் ஒரு கண்ணு, இசை ஒரு கண்ணு. எதையும் விட்டுக்கொடுக்க மாட்டேன். எல்லாம் ஒரு சமநிலைதாங்க." அவளுக்கு எரிச்சல் உச்சிவரை ஏறியது. இதோடு விட்டாரா? "அடுத்த மாசம் என் பொண்ணும் நானும் ஒரே மேடையில வாசிக்கப்போறோம். அவ பியானோ, நான் செல்லோ. அதுக்காக ரெண்டு பேரும் உக்காந்து பிராக்டிஸ் பண்றோம் பாருங்க, அந்த நேரம்தாங்க எனக்கு சொர்க்கம்."

"குடுத்துவெச்ச குடும்பம்" என்றார் பெரியவர்.

"ஆமா" என்று அவள் ஊசியை இறக்கினாள். கொஞ்சம் ஆழமாகவே இறங்கிவிட்டது. பாவம், அவர் என்ன பண்ணுவார்.

மேடை விஷயம் உண்மைதான். மகளின் பள்ளியில் வருடக் கடைசியில் ஒரு சனிக்கிழமை சாயங்காலம், பிள்ளைகள் தங்களுக்கு வேண்டிய பெரியவர் ஒருவரோடு சேர்ந்து வாசிக்கலாம், பாடலாம். மகளுக்குப் பத்து வயது. உருவத்தை வைத்து வீட்டில் 'பொடிசு' என்று கூப்பிடுவார்கள். மூன்று வருடமாகப் பள்ளியிலேயே பியானோ கற்றுக்கொள்கிறாள். விண்ணப்பத்தாளை மூன்று நாள் பைக்குள்ளேயே வைத்திருந்து, நாலாம் நாள் அப்பா ஷூ மாட்டிக்கொண்டிருந்த நேரமாகப் பார்த்து நீட்டினாள். ஒரு காலில் ஷூ இருக்கும்போது அவர் ஓடிவிட முடியாது என்பது அவள் கணக்கு.

"அப்பாவா? அப்பா இல்லாம வேற யாரு?" என்று அவர் அங்கேயே கையெழுத்துப் போட்டார். "நாலு ரிகர்சலா? நாலுக்கும் வர்றேன். நீ பாரு!"

பொடிசு அந்த நாலு சனிக்கிழமைகளையும் காலண்டரில் வட்டம் போட்டாள். ஒவ்வொரு வட்டத்துக்குள்ளும் சின்னதாக 'அப்பா' என்று எழுதினாள்.

பாட்டையும் அவர்தான் தேர்ந்தெடுத்தார். நாலு பக்கம். முதல் பக்கத்தில் பியானோவுக்கு அழகான மெட்டு, செல்லோ அடியில் மெல்லப் போகும். இரண்டாம், மூன்றாம் பக்கங்களில் செல்லோ மேலே ஏறி அழும், கெஞ்சும், சுழலும், மார்பில் அடித்துக்கொள்ளும். அந்த நேரம் பூராவும் பியானோவுக்கு வேலை 'தும், தும்' என்று இரண்டே கட்டைகளை அமுக்குவதுதான். நாலாம் பக்கத்தில் இருவரும் சேர்ந்து முடிப்பார்கள். மகளோடு வாசிக்க ஒரு பாட்டைத் தேடப்போன மனிதர், மகளைத் தும் தும் போடவைக்கும் பாட்டாகப் பார்த்துப் பொறுக்கிக்கொண்டு வந்திருந்தார்.

முதல் சனிக்கிழமை மூன்று மணிக்கு வாசல் மணி அடித்தது. பொடிசு ஓடிப்போய்க் கதவைத் திறந்தாள். முதுகில் செல்லோ, மார்பில் துணித்தொட்டிலில் ஒரு கைக்குழந்தை என்று இரண்டு பக்கமும் பாரத்தோடு ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள்.

"அப்பா அனுப்பினாருடா. அவருக்கு ஒரு ரெக்கார்டிங் வந்திடுச்சாம்" என்றாள் அந்தப் பெண். சொல்லும்போதே அவள் குரல் இறங்கிவிட்டது. பொடிசின் முகத்தைப் பார்த்தால் யாருக்கும் இறங்கும்.

அந்தப் பதிலாளுக்கு இரட்டைக் குழந்தைகள். ஒன்றை மாமியாரிடம் விட்டுவிட்டு, அடங்காத மற்றதைத் தூக்கிக்கொண்டு அலைவாள். செல்லோ உறையின் பையில் பால்புட்டி இருக்கும். நம்மவர் அனுப்புகிற வேலைகளில்தான் அவள் பிழைப்பு ஓடியது, அதனால் மறுக்க முடியாது. அவர் அவளைப் பிடித்துவைத்திருந்ததற்கும் காரணம் இருந்தது. "ரெட்டைப் பிள்ளைய வெச்சிருக்கிறவ, பிராக்டிஸ் பண்ண நேரம் ஏது? என் எடத்தையெல்லாம் பிடிக்க மாட்டா" என்று ஒருமுறை வீட்டில் சொல்லிச் சிரித்திருக்கிறார்.

அன்றைக்கு ராச்சாப்பாட்டின்போது பொடிசின் அம்மா புருஷனிடம் கேட்டாள். "மொத நாளே இப்படிப் பண்ணலாமா?"

"நோட்ஸ்ல எல்லாம் குறிச்சுத்தான் அனுப்பினேன். அவ நல்லாத்தான் பாத்துப்பா. பொடிசுக்குக் கூட வாசிக்க ஆள் வேணும், அவ்வளவுதானே?"

அவ்வளவுதானாம்.

இரண்டாம் சனிக்கிழமை இசைக்குழுவோடு வெளியூர். மூன்றாம் சனிக்கிழமை 'தவிர்க்க முடியாத' ஒரு விருந்து. காலண்டரில் இருந்த 'அப்பா'க்களை யாரும் அழிக்கவில்லை. ஆனால் பொடிசு மூன்று மணிக்கு வாசலைப் பார்ப்பதை நிறுத்திவிட்டாள். செல்லோ அக்கா வருகிறாளா, கையில் எந்தக் குழந்தை என்றுதான் இப்போது பார்த்தாள். அக்கா வாசிக்கும்போது குழந்தை சிணுங்கினால், வில்லை நிறுத்தாமலே காலால் பொடிசின் பழைய தொட்டிலை ஆட்டுவாள். ரொம்ப அழுதால், "ரெண்டு நிமிஷம்டா" என்று எழுந்து பால் கொடுத்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து ஆரம்பிப்பாள். அவள் தலை கலைந்திருக்கும், சட்டையில் பால் கறை இருக்கும். சமநிலை கிமநிலை என்ற வார்த்தை அவள் வாயிலிருந்து ஒரு தடவைகூட வந்ததில்லை.

மூன்றாவது ஒத்திகையில் அக்கா நடுவில் நிறுத்திக் கேட்டாள். "இந்த ரெண்டு பக்கமும் நீ என்ன பண்றே?"

"தும் தும்."

"போரடிக்கலையா உனக்கு?"

பொடிசு யோசித்தாள். "அடிக்குது. ஆனா அது அப்பாவுக்குப் பிடிச்ச எடம்."

"ம்ம்." அக்கா வில்லை மடியில் வைத்தாள். "எனக்கும் அது ஒத்துவரல. பிள்ளைங்க முன்னாடி நான் மட்டும் அழுதுக்கிட்டே இருக்கணும். உன் மெட்டு எவ்வளவு அழகா இருக்கு, அதை ஒரு தடவைதான் கேக்க முடியுது. மொத பக்கத்தையே இன்னொரு தடவை வாசிச்சிட்டு, நேரா கடைசிப் பக்கத்துக்குப் போயிடலாமா?"

பொடிசு அம்மாவைப் பார்த்தாள். அம்மா வேறு எங்கோ பார்க்கிற மாதிரி ஜன்னல் திரையைச் சரிசெய்துகொண்டிருந்தாள். உள்ளுக்குள் அவளுக்குக் குதூகலமாக இருந்தது என்பதை ஒளிப்பானேன்.

பக்கம் திருப்பும் வேலை அம்மாவுடையது. அவளுக்கு நோட்ஸ் படிக்கத் தெரியாது. முட்டையும் கம்பியுமாக என்னவோ எறும்பு ஊர்கிற மாதிரி தெரியும். அதனால் பொடிசு முதல் பக்கத்தின் அடியில் பென்சிலால் ஒரு நத்தை வரைந்தாள். "இதைப் பாத்தா திருப்பக் கூடாதும்மா. நான் மறுபடி மேல போவேன். ரெண்டாவது தடவை நத்தைகிட்ட வந்ததும் ரெண்டு தாளைச் சேத்துத் திருப்பணும். சரியா?" இரண்டு தாள்களும் சேர்ந்து வருவதற்கு ஓரத்தில் ஒரு கிளிப்பும் போட்டாள். அம்மா அந்த வாரம் பூராவும் சமையலறையில் பழைய நோட்டுப்புத்தகம் ஒன்றை வைத்துக்கொண்டு இரண்டு தாளைச் சேர்த்துத் திருப்பிப் பழகினாள். அறுபது பேருக்கு ரத்தம் எடுக்கும்போது நடுங்காத கை, இதற்கு வியர்த்துக் கொட்டியது.

கடைசி ஒத்திகைக்கு முந்தைய நாள் நம்மவர் வீட்டுக்கு வரும்போதே கொதித்துக்கொண்டு வந்தார். இசைக்குழுத் தலைவர் அறிவிப்புப் பலகையில் ஒரு காகிதம் ஒட்டிவிட்டாராம். ஒத்திகைக்கு வந்தவர்தான் இனி கச்சேரியில் வாசிக்க வேண்டும். மாற்று ஏற்பாடு கிடையாது.

"யாரைக் குத்திக்காட்ட இது? என்னைத்தானே?" என்று தட்டில் கையை உதறினார். "இருபது வருஷ அனுபவம் எனக்கு. நான் ரிகர்சல் பாத்துத்தான் வாசிக்கணுமா?"

பொடிசு சாப்பிடுவதை நிறுத்திவிட்டுக் கேட்டாள். "அப்ப ரிகர்சலுக்கு வராதவங்க கச்சேரிக்கு வந்தா?"

"நாற்காலி கெடையாதாம்! எப்படி இருக்கு பாரு கதை!"

"ஓ" என்றாள் பொடிசு. மறுபடி சாப்பிட ஆரம்பித்தாள். அவள் எதையாவது காதில் வாங்கினால் அது எங்கேயோ பத்திரமாகப் போய் உட்காரும் என்பது அம்மாவுக்குத் தெரியும். மறுநாள் கடைசி ஒத்திகைக்கும் அக்காதான் வந்தாள்.

கச்சேரி நாள் வந்தது. பள்ளியில் இரண்டாம் வகுப்பு அறையைத்தான் மேடைக்குத் தயாராகிறவர்களுக்கு ஒதுக்கியிருந்தார்கள். முழங்கால் உயர நாற்காலிகள், சுவரெல்லாம் கிரேயான் பூனைகள். பொடிசு நீலச் சட்டையில், கைகளைத் தொடைக்கடியில் வைத்துச் சூடுபண்ணிக்கொண்டிருந்தாள். அப்பா வருவாரோ மாட்டாரோ என்று பொடிசு அழைத்திருந்த அக்கா, செல்லோவின் தந்திகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள். அன்றைக்கு இரண்டு குழந்தைகளுமே அரங்கில் மாமியார் மடியில். அம்மா நத்தைப் பக்கத்தை இருபதாவது தடவையாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்போது கதவு திறந்தது. முதலில் மூத்தாள் வந்தாள், பின்னால் கறுப்புக் கோட்டில் அவர். அவருக்குப் பின்னால் கழுத்தில் கேமரா தொங்க ஒருவர். ரேடியோ பேட்டியைக் கேட்டுவிட்டு ஒரு பத்திரிகை ஆள் அனுப்பியிருந்தது.

"வந்துட்டேன் பாத்தியா!" என்று மகளின் தலையைக் கலைத்தார். பிறகு அக்காவைப் பார்த்து, உணவகத்தில் தட்டை எடுக்கச் சொல்கிற தோரணையில், "ரொம்ப தேங்க்ஸ்மா. இனிமே நான் பாத்துக்கறேன். நீங்க கெளம்பலாம்" என்றார்.

அக்காவுக்கு இது பழக்கம். குனிந்து உறையை இழுத்து ஜிப்பைத் திறந்தாள். அந்தச் சத்தத்தைக் கேட்டதும் அம்மாவுக்கு நெஞ்சு எரிந்தது. நாலு சனிக்கிழமை, ஒரு கால் தொட்டிலில், சட்டையில் பால் கறை! இப்போது கெளம்பலாமாம்.

"அக்கா, உள்ள வைக்காதீங்க" என்றாள் பொடிசு. குரல் சின்னதாகத்தான் இருந்தது. "அப்பா, ரிகர்சலுக்கு வந்தவங்கதானே கச்சேரில வாசிக்கணும்?"

அவர் சிரித்தார். கேமராக்காரர் இருந்ததால் கொஞ்சம் தாராளமாகவே சிரித்தார். "அது அங்கடா. இது நம்ம வீட்டு விஷயம்."

"ஆனா நீங்க ஒரு ரிகர்சலுக்கும் வரல."

அறையில் மற்ற பெற்றோர்களும் பிள்ளைகளும் இருந்தார்கள். ஒரு தகப்பனார் மும்முரமாகப் பூனைப் படங்களைப் பார்க்க ஆரம்பித்தார். செல்லோக்காரரின் சிரிப்பு வழிய ஆரம்பித்தது. அவர் வழக்கம்போல் மனைவி பக்கம் திரும்பினார். அந்தப் பார்வை அவளுக்கு அத்துப்படி. எடுத்துச் சொல்லு, சரிக்கட்டு, உன் வேலை அதுதானே என்று அர்த்தம். மகளும் அவளைத்தான் பார்த்தாள். நாலு வாரமாகச் சேர்த்துவைத்த தைரியம் அவ்வளவும் இதோ தீரப்போகிறது. 'அப்பாவோட வேலை அப்படிடா' என்று அம்மா ஒரு வார்த்தை சொன்னால் அவள் சரி என்று சொல்லிவிடுவாள்; அதற்குப் பிறகு எதையும் வாய்திறந்து கேட்கவும் மாட்டாள். அம்மாவுக்கு அது பட்டப்பகலாகத் தெரிந்தது. பயமாகவும் இருந்தது.

"அவ சொல்றது சரிதாங்க" என்றாள்.

"என்னது?"

"நாலு தடவையும் வந்தது அவங்க. அவங்கதான் வாசிக்கணும்."

"ஏய், ரேடியோல சொல்லியிருக்கேன்! பத்திரிகைலேருந்து வந்திருக்காங்க!" என்று பல்லைக் கடித்துக்கொண்டு கிசுகிசுத்தார்.

"நானும் கேட்டேன். சொர்க்கம்னு சொன்னீங்க."

அவர் முகம் போன போக்கைப் பார்த்து அவளுக்குச் சிரிப்பு வரவில்லை, அருவருப்புத்தான் வந்தது. மகள் தனக்குப் பதில் வேறொருத்தியைத் தேர்ந்தெடுத்துவிட்டாளே என்ற வலி அந்த முகத்தில் எங்கேயாவது இருக்கிறதா என்று தேடினாள். கேமராக்காரர் என்ன நினைப்பார் என்ற கவலைதான் முழுக்க அப்பியிருந்தது.

கடைசியில் மனசு இளகியது அந்தப் பிள்ளைக்குத்தான். "அப்பா, நீங்க வேணா பக்கம் திருப்புங்க. அம்மாவுக்குப் பதிலா" என்றாள். "அதுக்கு மேடையில என் பக்கத்துலயே நிக்கலாம்."

வேறு வழியில்லை. ஒப்புக்கொண்டார். ஒப்புக்கொண்ட மறுநிமிடமே கோட்டின் பித்தானைச் சரிசெய்து, எந்தப் பக்கம் நின்றால் முகம் நன்றாக விழும் என்று கேமராக்காரரோடு பேச ஆரம்பித்துவிட்டார். அம்மா நோட்ஸைக் கையில் கொடுத்தாள். ஆயிரம் இருந்தாலும் பிள்ளை மேடையில் தடுமாறக் கூடாதே என்று, "ஒரு விஷயம். இங்க அடியில ஒரு நத்தை இருக்கு பாருங்க, அந்த எடத்துல..." என்று ஆரம்பித்தாள்.

"நீ எனக்குப் பக்கம் திருப்பச் சொல்லித் தர்றியா?" என்றார். "நோட்ஸ்ல தலை எது வால் எதுன்னு தெரியாத நீ?"

அவள் வாயை மூடிக்கொண்டாள். கிளிப் கழன்று தரையில் விழுந்ததைக்கூடச் சொல்லவில்லை.

ஆரம்பம் அருமையாக இருந்தது. பொடிசின் விரல்கள் கட்டைகள் மேல் ஓடின. அக்காவின் செல்லோ அடியில் தாங்கிக்கொண்டே வந்தது. தப்பில்லாமல், அவசரமில்லாமல், இரண்டு பேரும் அடிக்கடி ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மூன்றாவது வரிசையிலிருந்து அம்மா பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் பியானோ பக்கத்தில் கம்பீரமாக நின்று, தலையைத் தாளத்துக்கு ஆட்டிக்கொண்டிருந்தார். முதல் பக்கம் முடியப்போகிறது. அவர் குனிந்தார். நத்தை அவர் கண்ணில் பட்டதை அவள் பார்த்தாள். குழந்தை கிறுக்கியிருக்கிறது என்று நினைத்திருப்பார், உதட்டோரத்தில் ஒரு செல்லச் சிரிப்பு வந்தது. தாளை அழகாகப் பிடித்து, கேமரா பக்கம் முகத்தைக் கொஞ்சம் திருப்பி, பக்கத்தைத் திருப்பினார்.

விரிந்தது அவருடைய பக்கம். செல்லோ அழுகிற, சுழல்கிற பக்கம்.

பொடிசு மேலே போக வேண்டிய நேரம். வலது கை நிற்கவில்லை. அவள் அவரை ஏறிட்டும் பார்க்கவில்லை. இடது கையை மட்டும் ஒரு தாளத்துக்குள் தூக்கி, அவர் விரல் இன்னும் பிடித்திருந்த தாளைப் பிடித்துத் திரும்பப் பழைய பக்கத்துக்கே போட்டுவிட்டு, அதே வேகத்தில் கட்டைக்குத் திரும்பினாள். செல்லோ ஒரு இம்மியும் நகராமல் கூடவே போனது. கேமரா பளிச்சிட்டது. அரங்கில் பாதிப் பேருக்கு எதுவும் தெரிந்திருக்காது.

அவருக்குத் தெரிந்தது. இரண்டாவது தடவை நத்தை வந்தபோது, திருப்புவதா வேண்டாமா என்று அவர் கை பாதி வழியில் தொங்கியது. இருபது வருட அனுபவம்! பொடிசு அவருக்காகக் காத்திருக்காமல் தானே இரண்டு தாளையும் சேர்த்துத் தள்ளினாள். கடைசிப் பக்கம் முழுக்க அவர் கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் கோட்டுப் பைக்குள் வைத்தார், எடுத்தார். கைதட்டல் எழுந்தபோது பொடிசு ஓடிப்போய் அக்காவின் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, கை வலிக்க வலிக்கத் தட்டினாள்.

பத்து நாள் கழித்துப் பத்திரிகை வந்தது. காலையில் அவர் ஆறு பிரதிகளோடு சாப்பாட்டு மேஜைக்கு வந்தார். அரைப்பக்கத்துக்குப் படம். ஒரே தாளின்மேல் ஒரு பெரிய கையும் ஒரு சின்னக் கையும். கீழே கொட்டை எழுத்தில், 'மகளுக்குப் பக்கம் பக்கமாக வழிகாட்டும் தந்தை.' செல்லோ வாசித்தவளின் முழங்கை மட்டும் படத்தின் ஓரத்தில் விழுந்திருந்தது.

"எப்படி வந்திருக்கு பாத்தியா?" என்றார். நடந்தது அவ்வளவும் அவருக்கு மறந்தே போய்விட்டது போலிருந்தது. அச்சில் வந்ததுதான் நடந்தது என்று நினைக்கிற சாதி.

"நல்லா இருக்குப்பா" என்றாள் பொடிசு, ஒரு காலில் ஷூவை மாட்டிக்கொண்டே.

"அடுத்த தடவை நாமதான். நீயும் நானும். சத்தியமா."

பொடிசு மற்ற ஷூவைக் கையில் வைத்துக்கொண்டு அவரை நிமிர்ந்து பார்த்தாள். "வர்ற மாசம் நூலகத்துல வாசிக்கக் கூப்பிட்டிருக்காங்கப்பா. மொத ரிகர்சல் இந்தச் சனிக்கிழமை, மூணு மணிக்கு. வர்றீங்களா?"

அம்மா காபி ஊற்றுவதை நிறுத்தினாள். இத்தனைக்குப் பிறகும், அந்த ஒரு நிமிடம், அவர் வருகிறேன் என்று சொல்லிவிட மாட்டாரா என்று அவளுக்கு ஏக்கமாகத்தான் இருந்தது. வெட்கம் கெட்ட ஏக்கம்.

அவர் டைரியைப் புரட்டினார். நெற்றி சுருங்கியது. "சனிக்கிழமை மட்டும் கொஞ்சம்... அடுத்ததுக்குக் கண்டிப்பா வந்திடறேன்டா. இந்த ஒண்ணுக்கு மட்டும்..." என்று போனை எடுத்துப் பெயர்களைத் தள்ள ஆரம்பித்தார்.

"யாரைத் தேடறீங்க?" என்றாள் அம்மா.

"அந்த ரெட்டைப் பிள்ளைக்காரி ஃப்ரீயா இருக்காளான்னு..."

"தேட வேணாம்பா" என்றாள் பொடிசு. "அக்காகிட்ட நான் போன வாரமே சொல்லிட்டேன். நீங்க வர்றதா இருந்தா அவங்களை வர வேணாம்னு சொல்லலாம்னுதான் கேட்டேன்."

அவள் இரண்டாவது ஷூவையும் மாட்டி, பையைத் தோளில் போட்டுக்கொண்டு, "வர்றேம்மா, வர்றேன்ப்பா" என்று இருவருக்கும் பொதுவாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினாள். அவர் கையில் போன் வெளிச்சம் அணையும்வரை அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா அவருடைய காபியை அவர் முன்னால் வைத்துவிட்டு வேலைக்குப் போக வெள்ளைக் கோட்டை எடுத்தாள்.